மயில்துத்தம் போடாத பசை

பசை கொதிக்கும்போது துடுப்பை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அடிப்பிடிக்கும், இல்லாவிட்டால் கட்டி தட்டும். கட்டி தட்டிய பசையைக் காகிதத்தில் தடவினால் மடிப்பெல்லாம் அம்மை போட்ட மாதிரி புடைத்து நிற்கும். சரசு அடுப்புக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அலுமினிய அண்டாவில் மைதாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள். மாவு வெந்து பளபளத்ததும் டப்பாவிலிருந்து மயில்துத்தப் பொடியை எடுத்துத் தூவினாள். நீலம் சுழன்று கலந்து பசை லேசாகப் பச்சை தட்டியது. அதைப் போட்டால்தான் பூஞ்சை பூக்காது, கரப்பான் நக்காது. கையில் வெடிப்பு இருந்தால் மட்டும் உயிர் போகிற மாதிரி எரியும்.

சாமுண்டி மலை தெரிகிற அக்ரஹாரத்தில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் இருந்தது அந்தத் தகரக் கொட்டகை. வீடு அக்ஷதாவினுடையது, ரயில்வேயில் இருந்த அவள் தாத்தா வாங்கிப்போட்டது. பெங்களூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து, முன்பு மாடு கட்டியிருந்த இடத்துக்குத் தகரம் போட்டு, பெண்களை வைத்துப் பரிசுப் பெட்டி செய்கிற தொழிலை அவள் தொடங்கியிருந்தாள். ரோஜா இதழும் புல்லும் சேர்த்து அழுத்திய சொரசொரப்பான காகிதத்தை வெட்டி, மடித்து, ஒட்டி, உள்ளங்கையில் அடங்குகிற பெட்டிகளாக்கிச் சணல் கயிறு கட்டுவார்கள். கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்குக் கொடுக்கிற பெட்டி அது. உள்ளே ஒரு சின்ன சோப்பு, ஒரு மெழுகுவர்த்தி, கடையில் தேய்த்துச் சாமான் வாங்குகிற ஒரு கார்டு இருக்கும். அந்தக் கார்டுக்கும் இதே காகிதத்தில் ஓர் உறை செய்ய வேண்டும்.

சரசுவுக்குப் பசை காய்ச்சுவதும் மடிப்பதும் வேலை. பெட்டிகளை ஒட்டிக் கம்பித் தட்டுகளில் பரப்பி உலர்த்தி அடுக்குவது கெம்பம்மாவின் வேலை. அவள் ஹுணசூர்ப் பக்கத்துக்காரி. கன்னடம்தான் அவளுடையது என்றாலும் சரசுவோடு பழகிப் பழகி ஒரு மாதிரித் தமிழ் பேசுவாள். மேல்வரிசையில் இரண்டு பல் இல்லாததால் சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வாள்.

அச்சகத்திலிருந்து சின்னச் சின்ன அட்டைகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. பெட்டிக்கு ஒன்று உள்ளே வைக்க வேண்டுமாம். அக்ஷதா ஒரு கட்டைப் பிரித்து, மேலே இருந்த அட்டையைச் சரசுவின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"பாருங்க அக்கா, நீங்க ஸ்டார் ஆயிட்டீங்க."

அட்டையில் சரசுவின் முகம் இருந்தது. தசரா சமயத்தில் கேமராவோடு ஒரு பையன் வந்து எல்லாரையும் எடுத்துக்கொண்டு போனான், அந்தப் படம். கீழே இங்கிலீஷில் நாலைந்து வரி. கொட்டகையே கூடிவிட்டது. "அடி ஆத்தி, இனிமே இவ கைல பசை ஒட்டாது!" என்று ஒருத்தி கிண்டல் செய்தாள். சரசுவுக்கு வெட்கமும் சந்தோஷமுமாக இருந்தது. நெற்றி மட்டும் ஏதோ மொட்டையாகத் தெரிந்தது. அன்றைக்கு வைத்திருந்த கனகாம்பரத்தையும் காணோம். அச்சில் வராமல் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டில் காட்ட ஒன்றைக் கேட்டு வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

கேசரேயில் சரசுவின் குடும்பத்துக்கு ஒற்றை அறை வீடு. புருஷன் முனிராஜ் சென்ட்ரிங் வேலைக்குப் போனவர். ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு கட்டடத்தில் சாரம் சரிந்து விழுந்து காலில் கம்பி வைத்திருந்தார்கள். அதிலிருந்து ஊன்றுகோலோடு வீட்டில்தான் கிடக்கிறார். மகள் ஜீவிதா மொபைல் கடையில் பில் போடுகிறாள். சரசு அட்டையை அவள் கையில் கொடுத்து, "அப்பாவுக்குக் கேக்கற மாதிரிப் படி கண்ணு" என்றாள்.

ஜீவிதா படிக்க ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

"என்னடி? படி."

"விடும்மா. சும்மா ஏதேதோ போட்டிருக்காங்க."

"படிங்கறன்ல."

ஜீவிதா அப்பாவைப் பார்த்தாள். பிறகு அட்டையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "இவங்க பேரு சரஸ்வதி. புருஷன் குடிச்சுக் குடிச்சே செத்துட்டாரு. விதவையா பஸ் ஸ்டாண்டுல படுத்துக் கெடந்தவங்களுக்கு நாங்க புது வாழ்க்கை குடுத்தோம். உங்க கைல இருக்கற பெட்டி அவங்க செஞ்சது. அப்படின்னு இருக்கும்மா."

முனிராஜ் சோற்றுத் தட்டை மடியில் வைத்திருந்தார். முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. "எப்பச் செத்தனாம்? தேதி போட்டிருக்குதா பாரு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் அட்டையை வாங்கி, மனைவியின் முகத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பொட்டு இருக்க வேண்டிய இடத்தில் விரல் நின்றது.

"நீ சொன்னதா?"

"மாரியாத்தா மேல சத்தியமா இல்லீங்க. நான் எதுக்கு அப்படிச் சொல்லோணும்?"

"சொல்லாம அவிய எப்படி எழுதுவாங்க? பீடிகூடத் தொடாதவன் நான். என்னயக் குடிகாரன்னு..." அவர் தட்டைத் தரையில் வைத்தார். "செரி, போ. காலை நீட்டிக்கிட்டுக் கெடக்கறவன் செத்தவன்தானே. வெளிய சொல்லிக்க அது தோதா இருந்திருக்கும்."

அதன் பிறகு அவர் அவளோடு பேசவில்லை. காலையில் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒற்றைக் காலில் நின்று தானே டீ போட்டுக் குடித்தார். தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார். ஏ புள்ளே என்று கூப்பிடுகிற ஆள், வேண்டியதை ஜீவிதாவிடம் கேட்டார். சரசுவுக்கு வயிறு எரிந்தது. கட்டியவன் கண்ணெதிரே இருக்கும்போதே தாலியறுத்தவள் என்று அச்சடித்து ஊர் ஊராக அனுப்புகிறாளே, இவள் நல்லா இருப்பாளா என்று பஸ்ஸில் வாய்விட்டே சொன்னாள். பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

அக்ஷதா முன்கட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். சரசு அட்டையை மேஜைமேல் வைத்தாள்.

"மேடம், என்ற புருஷன் செத்துட்டார்னு போட்டிருக்குதுங்களே."

"யாரு படிச்சுக் காட்டினா?"

"என்ற பொண்ணு."

"ஓ." அக்ஷதா லேப்டாப்பைப் பாதி மூடினாள். "உட்காருங்க அக்கா. இது நீங்க இல்ல. சரஸ்வதின்னு போட்டிருக்கு பாருங்க. அது ஒரு கேரக்டர். முகம் உங்களுது, ஸ்டோரி இன்னொருத்தரோடது. வாங்கறவங்க மனசத் தொடணும்ல? அதுதான் நம்ம எல்லாருக்கும் வேலை குடுக்கறது."

"பொட்டை எதுக்குங்க அழிச்சீங்க?"

"எடிட்டிங்ல பண்ணியிருப்பாங்க."

"உங்க வீட்டுக்காரர் இருக்கறப்பவே உங்க போட்டாவுல இப்படி எழுதுவீங்களா?"

அக்ஷதாவின் முகம் சிவந்தது. "அக்கா, வார்த்தைய அளந்து பேசுங்க. இத்தனை அடிச்சாச்சு, இப்போ கிழிச்சா போட முடியும்? அடுத்த ஆர்டருக்கு மாத்திக்கலாம். போய் வேலையப் பாருங்க."

கன்னத்தில் அறைந்துவிட்டு அடுத்த தடவை மெதுவாக அறைகிறேன் என்பதுபோல் இருந்தது அது. சரசு பின்கட்டுக்குத் திரும்பினாள். அன்று முழுக்கத் தன் முகத்தைத் தானே எடுத்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

மத்தியானம் சாப்பிடும்போது கெம்பம்மாவிடம் சொல்லி அழுதாள். கெம்பம்மா ராகி உருண்டையைப் பிய்த்த கையை அப்படியே நிறுத்தினாள்.

"பஸ் ஸ்டாண்டுல படுத்திருந்தவளா? புருஷன் குடிச்சுச் செத்தவனா?"

"ஆமாங்கறேன்."

"அய்யோ தேவரே! அது நானு, சரசு. மழைக்காலத்துல ஒட்டிக்கிட்டே அழுதேனே, மேடம் பக்கத்துல உக்காந்து போன்ல புடிச்சாங்களே. என்னையும் போட்டோ எடுத்தான் அந்தக் கேமரா ஹுடுகன். வாய மூடு, பல்லு காட்டாதேன்னான்." அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என் வீட்டு யஜமானன் செத்தத உனக்குக் குடுத்துட்டாங்களா?"

"சிரிக்கறியே, உனக்குக் கோவமே வராதாடி?"

"கோவம் வந்து ஏனு மாடோது, என்ன பண்றது? அதக் கிண்டி உருண்டை புடிக்க முடியுமா? பிடு, சாப்புடு."

சரசுவால் விட முடியவில்லை. தன் முகம் விற்கிறது, கெம்பம்மா வீட்டுச் சாவு விற்கிறது, நடுவில் இருப்பவள் மட்டும் புண்ணியவதியா? சண்டை போட்டால் வெளியே தள்ளுவாள். மண்ணை வாரித் தூற்றினால் தூசி தட்டிக்கொண்டு போவாள். அவளுக்கு வலிக்க வேண்டுமென்றால் அவள் பெட்டியில் வலிக்க வேண்டும். அப்படி நினைத்ததும் சரசுவுக்கு மூச்சு சீராக வந்தது.

மறுநாள் அவள் எல்லாருக்கும் முன்னால் வந்தாள். மயில்துத்த டப்பாவைத் தண்ணீர்த் தொட்டியருகே கவிழ்த்துச் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினாள். நீலத் தண்ணீர் கல்லிடுக்கில் வளைந்து சாக்கடைக்கு ஓடியது. முதல் நாள் மிஞ்சிப் புளித்திருந்த பசையைக் கொட்டாமல் புது மாவோடு சேர்த்துக் கரைத்தாள். கிண்டக் கிண்டச் சாபமிட்டாள். உன் பெட்டி பூக்கட்டும், உன் பேர் நாறட்டும், உன் வாசல் தேடி வந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடட்டும். பசை நல்ல வெள்ளையாக, கஞ்சி மாதிரி வந்தது. மனசுக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

அந்த வாரம் புயல் மழையும் சேர்ந்துகொண்டது. சாமுண்டி மலை கண்ணுக்கே தெரியவில்லை. தூறல் நிற்காமல் விழுந்து தகரம் சொட்டியது. கெம்பம்மா பெட்டிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"ஒணகல சரசு, காயவே இல்ல." பிறகு பசைக் கிண்ணத்தைக் குனிந்து பார்த்தாள். "இது ஏனு இவ்வளவு வெள்ளை?"

சரசு கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள். கெம்பம்மாவின் விரல்கள் கண்ணில் பட்டன. பனியில் வெடித்து, இடுக்கெல்லாம் சிவந்து கிடந்தன.

"உன்ற கை வெடிச்சுக் கெடக்குதல்ல. எரியுமேன்னு போடல."

கெம்பம்மா நிமிர்ந்தாள். "என் பெத்தவகூட இதெல்லாம் பாக்கல, சரசு" என்றாள். கையைப் பசையில் தோய்த்து, எரியவில்லை என்று குழந்தை மாதிரி விரித்துக் காட்டினாள். சரசு வேறு பக்கம் திரும்பிக் காகிதம் எடுத்தாள்.

லாரி வந்ததும் அக்ஷதா அவசரப்படுத்தினாள். கெம்பம்மா இன்னும் ஈரம் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள். "ஃபேனைப் போட்டு அடுக்குங்க, போற வழில காஞ்சிடும்" என்று அக்ஷதா போனைக் காதில் வைத்தபடியே சொன்னாள். பெட்டிகள் பிளாஸ்டிக் சுற்றிய அட்டைக்கூடுகளுக்குள் மூச்சு முட்ட அடைபட்டுப் போய்ச் சேர்ந்தன.

கிறிஸ்துமஸ் நெருங்கியபோது திரும்பி வந்தன. வேனிலிருந்து இறக்கி முதல் கூட்டைப் பிரித்ததுமே கொட்டகை முழுக்கப் புளித்த நாற்றம். மடிப்புகளில் சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சை பஞ்சு பஞ்சாகப் பூத்திருந்தது. சோப்பு வாசனையும் அதுவும் கலந்து குமட்டியது. அக்ஷதா பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்தாள். பெங்களூரில் பெரிய பெரிய ஆட்கள் முன்னால் திறந்தார்களாம், ஒருத்தி வாந்தியே எடுத்துவிட்டாளாம். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது. சரசு தூணுக்குப் பின்னால் நின்று அந்த அழுகையைக் கடைசிச் சொட்டுவரை பார்த்தாள். அழு, நல்லா அழு. உயிரோடு இருக்கிறவனைக் கொன்றவள்தானே நீ. வெல்லத்தை வாயில் போட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

அக்ஷதா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"உலர்த்தி அடுக்கினது யாரு?"

சரசுவின் வாயில் இருந்த வெல்லம் மண்ணாகிவிட்டது. பழி மேலே போகும், மேடத்தின் தலையில் விடியும் என்றுதான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். கீழே ஒருத்தி நிற்கிறாள் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை.

"காயலன்னு நான் சொன்னேன் மேடம்" என்றாள் கெம்பம்மா.

"சொன்னா? காயலன்னா ஏன் அடுக்கினீங்க? இத்தனை பேர் வயித்துல மண்ணப் போட்டாச்சு. நாளைலேருந்து வர வேண்டாம்."

கெம்பம்மா கூட்டைப் பார்த்தாள். ஒரு பெட்டியை எடுத்து மடிப்பைப் பிரித்து, காய்ந்த பசையை நகத்தால் சுரண்டினாள். வெள்ளையாக உதிர்ந்தது. அவள் தலையை நிமிர்த்திச் சரசுவை ஒரு தடவை பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

வாசல் குழாயடியில் சரசு அவளைப் பிடித்தாள்.

"தெரிஞ்சுதான் இருந்தியா? ஏண்டி சொல்லல?"

"சொன்னா உன்ன அனுப்புவாங்க. வீட்ல கால் ஒடிஞ்ச கண்டன் இருக்கான் உனக்கு. நான் ஒண்டிக்கட்டை, எங்கயாவது பாத்திரம் தேய்ப்பேன்." கெம்பம்மா முழங்கைவரை தண்ணீர் விட்டுக் கழுவினாள். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள். "என் கைக்காகப் போடலன்னியே. அத நம்பிட்டேன் சரசு. அதுதான் நோவுது."

சரசு குழாயை மூடினாள். கெம்பம்மா தெருக்கோடி திரும்பிய பிறகு நேரே முன்கட்டுக்குப் போனாள்.

"நான்தானுங்க செஞ்சேன். மயில்துத்தத்தச் சாக்கடைல கொட்டிப்போட்டேன். புளிச்ச பசையக் கலந்தேன். உங்க மேல இருந்த ஆத்திரம். என்னய அனுப்புங்க, அவளக் கூப்புடுங்க."

அக்ஷதா எழுந்து கதவைச் சாத்தினாள். கத்துவாள் என்று சரசு நினைத்தாள். அவள் கத்தவில்லை.

"உங்கள அனுப்பிட்டு நான் என்ன பண்றது? கார்டுல நீங்க, வெப்சைட்ல நீங்க, ஆர்டர் குடுத்த கம்பெனி ஆபீஸ் சுவத்துல நீங்க. மும்பைலேருந்து அவங்க மேடம் வெள்ளிக்கிழமை வர்றதே உங்களப் பாக்கத்தான். தப்புப் பண்ணினவங்கள நீக்கியாச்சுன்னு சொல்லி, கெஞ்சி, ஆர்டரக் காப்பாத்தி வச்சிருக்கேன்."

"தப்புப் பண்ணுனது நானுங்க!"

"கேட்டாச்சு. இத வெளியில சொல்லாதீங்க. வெள்ளிக்கிழமை நல்லபடியா நடந்துக்கோங்க. கெம்பம்மாவ அப்புறம் பாக்கலாம்."

வீட்டுக்குப் போய்ச் சரசு எல்லாவற்றையும் முனிராஜின் முன்னால் கொட்டினாள். கதை கெம்பம்மாவினுடையது என்பதையும், பசையையும், குழாயடியில் அவள் சொன்னதையும் சொல்லி முடித்துத் தலையிலடித்துக்கொண்டாள். முனிராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அவ புருஷன் பேரு என்ன?"

"சிவண்ணன்னு சொல்லுவா."

"அந்த மனுசன் சாவையாச்சும் அவனுக்கே விட்டிருக்கலாம்." அவர் ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஏ புள்ளே, வெள்ளிக்கிழமை என்னயும் கூட்டிக்கிட்டுப் போ. இதா இருக்கறான் பாருங்கன்னு காட்டு."

அவர் கூப்பிட்டதில் சரசுவுக்கு அழுகை முட்டியது. "இந்தக் காலோட ரெண்டு பஸ் மாறியா? நீங்க என்ன தசரா பொருட்காட்சியா, கூட்டிக்கிட்டுப் போயிக் காட்டறதுக்கு? எனக்கு வாய் இருக்குதுங்க. அந்த மும்பைக்காரிகிட்ட ஒண்ணு விடாம சொல்றேன். கெம்பம்மாவக் கூட்டியாரச் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை அவள் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். முழங்கை நீளத்துக்கு மல்லிகை வைத்தாள். ஸ்டிக்கர் பொட்டை எடுத்துப் போட்டுவிட்டு, தேங்காயெண்ணெய் தொட்டு, ரூபாய்க் காசு அகலத்துக்குக் குங்குமம் வைத்தாள். தாலியை ரவிக்கைக்கு வெளியே எடுத்துவிட்டாள். அவளைப் பார்த்ததும் அக்ஷதாவின் முகம் போன போக்கு, வந்த வேலையில் பாதி முடிந்த மாதிரி இருந்தது. "அக்கா, இதென்ன கோலம்" என்று அவள் கிட்டே வருவதற்குள் வாசலில் கார் வந்துவிட்டது.

மும்பை மேடம் வெள்ளைக் குர்தா போட்டிருந்தாள். நரைத்த குட்டை முடி, சிரித்த முகம். தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. பெங்களூரிலிருந்து கார் ஓட்டி வந்த டிரைவர் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்து கொட்டகை வாசலில் நின்றான். அவள் சரசுவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு இரண்டு கையையும் பிடித்தாள். சரசு அந்தக் கையை விடாமல் பேசினாள்.

"அம்மா, உங்க அட்டைல போட்டிருக்கறது பொய். என்ற புருஷன் சாகல. கேசரேல வீட்ல இருக்கறாரு, வேணும்னா இப்பவே போயிப் பாக்கலாம். குடிச்சுச் செத்தது கெம்பம்மா புருஷன். அவ கதைய எடுத்து என்ற மூஞ்சில ஒட்டிப்போட்டாங்க. பெட்டி நாறுனதுக்குக் காரணம் நானு. வேணும்னுதான் செஞ்சேன். அதுக்கு அவளத் தொரத்திப்போட்டாங்க. அவளக் கூப்புடச் சொல்லுங்க. இந்தாங்க, பாருங்க, தாலி." அவள் தாலியைத் தூக்கிக் காட்டினாள். சொல்லச் சொல்லக் குரல் உடைந்து கண்ணீர் கொட்டியது. சொல்லியாகிவிட்டது, ஒன்று விடாமல்.

மும்பை மேடம் அக்ஷதாவைத் திரும்பிப் பார்த்தாள். அக்ஷதா சரசுவுக்குப் புரியாத இங்கிலீஷில் சொன்னாள். கணவன் போன துக்கம் இவளுக்கு இன்னும் ஆறவில்லை. தாலியைக் கழற்ற மனசு வரவில்லை, அதைத்தான் காட்டுகிறாள். இந்தக் கொட்டகையும் நீங்களும்தான் இனி எல்லாம் என்கிறாள். பெட்டி கெட்டுப்போனதற்கு எல்லார் சார்பிலும் மன்னிப்புக் கேட்கிறாள்.

சரசு சொன்ன தமிழ் புரிந்த டிரைவர் வாசலில் நிமிர்ந்தான். "மேடம்..." என்று ஆரம்பித்தான். அக்ஷதா அவனைப் பார்த்தாள். மும்பை மேடமும் என்ன என்பதுபோல் பார்த்தாள். அவன் கையிலிருந்த பையைத் தோள் மாற்றிக்கொண்டு, "தண்ணி வேணுமா மேடம்?" என்று இந்தியில் கேட்டான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டான்.

மும்பை மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தாலியை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு சரசுவை இழுத்து இறுக்கி அணைத்துக்கொண்டாள். சரசு திமிறினாள். அழுகிறாள் என்று நினைத்து அவள் இன்னும் இறுக்கி, தலையைத் தன் தோளில் சாய்த்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். விட்டபோது வெள்ளைக் குர்தாவின் தோளில் குங்குமம் கையகலத்துக்கு ஈஷியிருந்தது.

"ஐயோ, சாரி, சாரி" என்று அக்ஷதா பெட்டிக்குள் சுற்றுகிற மெல்லிய தாளை அள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். குர்தாவை ஒற்றி எடுத்தாள். பரவாயில்லை என்று மும்பை மேடம் சிரித்து, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று போனை வெளியே எடுத்தாள். அக்ஷதா இன்னொரு தாளை எடுத்தாள். சரசுவின் நெற்றியில் குங்குமம் புருவம் வரைக்கும் கலைந்து இழுபட்டிருந்தது. அக்ஷதாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு சரசுவின் பிடரியை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல், இந்தப் புருவத்திலிருந்து அந்தப் புருவம் வரைக்கும் அழுத்தித் துடைத்தாள். எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை. தாளைத் திருப்பி இன்னொரு முறை துடைத்தாள்.

"அசையாதீங்க அக்கா" என்றாள். மும்பை மேடம் போனை உயர்த்தினாள்.